கழற்றாத கடிகாரம்

லெனின்கிராடு,
பிப்ரவரி 1938

அன்புள்ள கிளாவ்தியா அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். தபாலுக்குப் பயந்து உங்கள் தங்கையிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். அம்மா தூங்குவதுபோல் படுத்திருக்கிறாள். நான் போர்வைக்குள் எழுதுகிறேன்.

அப்பாவின் ஆய்வகத்தில் என் வேலை உங்களுக்குத் தெரியும். பெரிய காந்தத்தின் அருகே கடிகாரம் நின்றுவிடும் என்பதால், வருகிறவர்கள் கழற்றிப் போட வாசலில் பெட்டியை நீட்டுவேன். விசாரணைக் குழுத் தலைவர் குரிலேவிடமும் நீட்டினேன். "கட்சி குடுத்த கடிகாரம். இதையா புடுங்கப் பாக்குற, குட்டித் திருடி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும்தான். கழற்றச் சொல்ல யாருக்கும் துணிவில்லை, அப்பாவுக்கும்.

அந்தச் சிவப்புத் தகட்டில் அப்பா வெளிச்சத்தை விழச்செய்தார். தகட்டோடு இணைத்த மின்மானியின் ஊசி அசையவில்லை. காந்தத்தை இயக்கியதும் வலப்பக்கம் போனது. காந்தத்தின் திசையை மாற்றியதும் இடப்பக்கம் போனது. வெளிச்சத்தில் பிறக்கும் மின்சாரத்தைக் காந்தம் பக்கவாட்டில் தள்ளும் என்று அப்பா எவ்வளவோ விளக்கினார். "ஒரே விளக்கு, ஒரே தகடு. நீ சொல்ற பக்கமெல்லாம் சாயுதே உன் மின்சாரம்!" என்று சொல்லிவிட்டுக் குரிலேவ் மணி பார்த்தார். கடிகாரம் நின்றிருந்தது.

அந்த வாரமே அப்பாவைக் கைதுசெய்து கொண்டுபோனார்கள். ஏமாற்று வேலையாம், நாசவேலையாம்.

நாளை பள்ளியில் எல்லார் முன்பும் நான் பேச வேண்டும். அப்பா ஊசியைத் தந்திரமாக நகர்த்தினார், இனி நான் அவர் மகள் இல்லை என்று சொல்ல வேண்டும். மறுத்தால் அம்மாவையும் என்னையும் முகாமுக்கு அனுப்பிவிடுவார்களாம். என் கண்ணால் பார்த்தேனே என்று மாணவர் அணித் தலைவி ரிம்மாவிடம் சொன்னேன். "கூட வேலை செஞ்ச கிளாவ்தியாவே அது மோசடின்னு சொல்லிட்டா. உனக்கென்னடி?" என்றாள்.

எனக்குக் கோபம் இல்லை, அக்கா. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அதைச் சொல்லும்போது நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? தரையையா? அன்று இரவு சாப்பிட முடிந்ததா? பதில் வருவதற்குள் நான் பேசி முடித்திருப்பேன். நான் சொல்வதை அப்பாவுக்குப் படித்துக் காட்டுவார்களாம்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். ஊசி திரும்பியதைப் பார்த்தவர்களில் நீங்கள் ஒருவராவது வெளியில் இருந்தால், என்றைக்காவது யாரிடமாவது

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்துவிட்டாள். கட்டிலுக்கடியில் முன்பே கட்டி வைத்திருந்த மூட்டையை இழுக்கிறாள். இரண்டு மூட்டை. ஒன்றில் என் கம்பளிக் காலுறை