கார்க் கதவுக்குள் மாட்டிய கை

பூந்தமல்லி,
1946, ஆடி மாதம்.

மகன் சிரஞ்சீவி பரந்தாமனுக்கு உன் நைனா உலகநாதன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. மாங்காட்டு அம்மன் தயவில் நானும் உன் அம்மாவும் இங்கே ஓரளவு சுகம். ஈப்போவில் நீயும் தாயம்மாவும் குழந்தை அங்கம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று அவளையே கேட்டுக்கொள்கிறோம். மூன்று பேர் பெயரையும் சேர்த்து எழுதியிருப்பதைப் பார்த்து நீ ஒன்றுக்கு இரண்டு தடவை படிப்பாய் என்று தெரியும். இத்தனை நாள் உன் பெயரோடு நிறுத்திக்கொண்டவன்தான் நான். ஏன் மாறினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்.

இந்த வருஷம் மழை இல்லை, பருத்திப்பட்டு ஏரியில் மாடு நடந்து போகிறது. ரேஷன் அரிசியில் பாதி கல், உன் அம்மா முறத்தை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கு நிற்கிறாள். எனக்கு அரிசி மில்லில் அதே டிரைவர் வேலைதான், ஆனால் பழைய கார் போய்விட்டது. யுத்தம் முடிந்து ஆவடி பட்டாளக் கிடங்கில் ஏலத்துக்கு வந்த ஒரு பெரிய அமெரிக்கக் காரை முதலாளி எடுத்துவிட்டார். அதில் கண்ணாடியை ஏற்றி இறக்கக் கைப்பிடி கிடையாது, ஸ்விட்சுதான். தட்டினால் பானட்டுக்கு அடியில் ஒரு மோட்டார் ஓடி எண்ணெயைத் தள்ளும், கதவுக்குள் இருக்கிற தடி கண்ணாடியைத் தூக்கும், மறுபக்கம் தட்டினால் எண்ணெய் வடிந்து ஸ்பிரிங் இழுத்து இறக்கிவிடும். நீ அங்கே பஸ் பட்டறையில் இருப்பவன், உனக்குச் சொன்னால் புரியும். பூந்தமல்லிக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தினால் இந்தக் கண்ணாடியைப் பார்க்கவே கூட்டம் கூடும், முதலாளியும் வேண்டுமென்றே தட்டித் தட்டிக் காட்டுவார். தட்டியே மோட்டாரைக் கொன்றுவிட்டார். நாலு கண்ணாடியும் இறங்கியது இறங்கியபடி நின்றுபோயிற்று. ஆடிக் காற்றில் மண்ரோட்டுப் புழுதி முழுக்க அவர் தலையில். மவுண்ட் ரோடு பட்டறைக்காரர்கள் பார்த்துவிட்டு, சாமான் கப்பலில் வர வேண்டும், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். முதலாளியும் என்னைப் பார்த்து, உலகநாதா, தொடாதே என்றார். தொடாதே என்று சொன்னால் என் கை சும்மா இருக்குமா, நீயே சொல்.

அவர் பெங்களூர் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, மில்லுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் வண்டியை விட்டு, மில் ஆட்கள் கண்ணில் படாமல் கதவைச் சாத்திக்கொண்டு மோட்டாரைக் கழற்றினேன். உள்ளே கரண்டைக் கடத்துகிற கார்பன் கட்டை தேய்ந்து ஒன்றுமே இல்லை. தீர்ந்துபோன டார்ச் பேட்டரியை உடைத்து உள்ளேயிருந்த கரிக்குச்சியை உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். பரந்தாமா, ஓடிற்று. மூன்று கண்ணாடி ஜம்மென்று ஏறிவிட்டது. நான் தனியாகவே சிரித்துக்கொண்டேன், பெருமை தாங்கவில்லை. முதலாளி உட்கார்கிற பின்சீட்டு இடது கண்ணாடி மட்டும் பாதி ஏறி, கோணலாக நின்றது. அந்தக் கதவு சுவரோரம். உட்புறப் பலகையைக் கழற்றி, கதவுக்கும் சுவருக்கும் நடுவில் கால் ஊன்றி, கதவின் வயிற்றில் இருக்கிற ஓட்டைக்குள் இடது கையை விட்டேன். விட்டது காப்போடு.

அந்தக் காப்பைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர் விழுந்துவிட்டது, நீ இருக்கிற மலாயாவுக்குத் தபால் கிடையாது என்று கேட்ட வாரம் மாங்காட்டில் அம்மன் காலடியில் வைத்து வாங்கி மாட்டிக்கொண்ட வெள்ளிக் காப்பு. என் மகன் உயிரோடு வந்து இந்தச் சன்னிதியில் தன் கையால் கழற்றி உண்டியலில் போட வேண்டும், அதுவரை இது இறங்காது என்று வேண்டிக்கொண்டேன். உன் முதல் கடிதம் வந்தபோது அந்தக் காப்பில்தான் முகத்தை வைத்து அழுதேன். அதற்குப் பிறகு உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் காப்பு காத்திருக்கிறது, வா என்றுதான் முடித்தேன். நீ உடனே வருவாய் என்று பார்த்தால், இங்கே எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஜப்பான்காரன் காலத்தில் என்னை ஒளித்து வைத்துச் சோறு போட்ட குடும்பம், மாமியார் எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறார், விட்டுவிட்டு வர முடியாது என்று எழுதினாய். அதைப் படித்த பிறகு எழுதிய ஒன்றிரண்டு கடிதத்திலும் அவர்கள் பெயரை நான் எழுதவில்லை, அப்புறம் பேனாவையே தொடவில்லை. இதற்குள் காப்பு மணிக்கட்டில் இறுகிவிட்டது, சோப்புப் போட்டாலும் நகராது. வேலை செய்யும்போது முழங்கைப் பக்கம் தள்ளிக்கொள்ளக்கூட இடமில்லை.

உன் அம்மா அப்போதுதான் சோற்றுத் தூக்கோடு ஷெட்டுக்குள் வந்தாள். தடி பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், முன்னால் போய் ஸ்விட்சைத் தட்டு என்றேன். அவள், கைய எட்த்துட்டு சொல்லுய்யா, எனுக்கு பயமா கீது என்றாள். நான்தான், சொன்னதைச் செய் என்று அதட்டினேன். தட்டினாள். தடி சடாரென்று மேலே வந்தது. கண்ணாடியைத் தாங்குகிற இரும்புப் பட்டைக்கும் மேலே இருக்கிற தகட்டுக்கும் நடுவில் காப்பு மாட்டிக்கொண்டது. மோட்டார் திணறி, புகைந்து, நின்றுவிட்டது. ஸ்விட்சுக்குப் போகிற ஒயரும் கருகிப்போனது. ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது, எண்ணெய் உள்ளே கட்டிக்கொண்டு நிற்கிறது. கையில் எலும்பு நொறுங்கவில்லை, அம்மன் புண்ணியம், காப்புதான் மாட்டியது. ஆனால் அந்தக் காப்பு கழலாதே.

சுவர் முதுகில், கதவு மார்பில், கை அதன் வயிற்றில், மேலே தகரக் கூரை வெயிலில் காய்கிறது. கத்தினால் மில் ஆட்கள் ஓடிவருவார்கள், விஷயம் முதலாளி காதுக்குப் போகும். கத்தவும் முடியாமல் நகரவும் முடியாமல் நின்றேன். மூச்சு விட்டால் கதவு மார்பை இடிக்கிறது. விரல் தடித்து, தொட்டால் உணர்ச்சி இல்லை. உன் அம்மாவால் இழுக்கவும் முடியவில்லை. எண்ணெய்க் குழாயை அவிழ்த்தால் ஸ்பிரிங் இழுத்துத் தடி இறங்கிவிடும், ஆனால் அதன் மரை என் கைக்குக் கீழே, ஸ்பேனர் போகாது. குழாயை அறுக்கத்தான் வழி. ஆக்சா பிளேடை எடுத்துக்கொண்டு வா, அந்த ரப்பர் குழாயை அறு என்றேன். அறுத்தால் அந்தக் குழாய் அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும், என் வேலை அன்றோடு சரி, அது எனக்குத் தெரியும். போகட்டும் என்றேன்.

அவள் பிளேடைக் கொண்டுவந்தாள். ஓட்டை வழியாகக் குழாயைப் பார்த்தாள், பிறகு காப்பைப் பார்த்தாள். ரெண்டுல ஒண்ணு அறுக்கணும்னா நான் இத்தத்தான் அறுப்பேன் என்றாள். எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நீ தாயா, பிள்ளைக்காகக் கட்டியதை அறுக்கிறேன் என்கிறாயே, அவனுக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அவன் உசுரோட கீறான், மாங்காட்டம்மா குட்த்துட்டா, குட்த்தவகிட்ட இன்னும் இன்னாத்துக்கு பேரம் பேசிகினுகீற, வேண்டிகினது நீ, அவன் இன்னா பண்ணுவான், லெட்டருக்கு லெட்டர் காப்பு காப்புன்னு எய்தி அவன் கையிலயும் ஒண்ண மாட்டி வச்சிகீற என்றாள்.

அப்படிச் சொல்லிவிட்டு, தோல் கிழியாமல் இருக்கக் காப்புக்கு அடியில் ஒரு தகரத் துண்டைச் செருகி அறுக்கத் தொடங்கிவிட்டாள். நான் ஒற்றைக் கையால் அவள் தோளைத் தள்ளினேன். நகரவில்லை. பாதி வந்ததும் அவளே நிறுத்தினாள். மீதிய நீ சொன்னாத்தான் அறுப்பேன், அவன் வர்லன்னா சாவற வரிக்கும் இப்டியே நிப்பியா, சொல்லு என்றாள். அவள் மூக்கில் வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது, வெள்ளித் தூள் என் கையில் ஒட்டியிருந்தது. குழந்தை என் தோளில்தான் தூங்குகிறாள், இறக்கினால் விழித்துக்கொள்கிறாள் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரி ஞாபகம் வந்தது. சின்ன வயதில் நீயும் அப்படித்தான், என் தோளைவிட்டு இறங்க மாட்டாய். அதற்காக அந்த நாளில் நான் உன்னை வயல் வேலைக்கும் தூக்கிக்கொண்டே போவேன். பிள்ளையைத் தோளில் வைத்திருப்பவன் எங்கே கிளம்புவான், எப்படிக் கிளம்புவான் என்று நினைத்தேன். அறு என்றேன். வாய்விட்டு இரண்டாவது தடவையும் சொன்னேன், அவள் கேட்டுக்கொள்ள வேண்டுமென்று.

திருப்புளியைக் கொடுத்துக் காப்பை நெம்பியதும் கை வந்துவிட்டது. வீக்கம் வடிய ஒரு வாரம் ஆயிற்று, இப்போது விரல் மடங்குகிறது, கவலைப்படாதே. கோணலாக நின்ற கண்ணாடியைக் கையால் தூக்கி மேலே வைத்து மரக்கட்டை கொடுத்து முட்டுக்கட்டினேன். ஆகவே நாலு பக்கமும் ஏறியே நிற்கிறது. முதலாளி வந்து பார்த்து, பரவாயில்லையே, புழுதி வராது என்று சந்தோஷப்பட்டார். மறுநாளே மறந்துபோய் வெற்றிலை எச்சிலைக் கண்ணாடிமேல் துப்பிவிட்டார். மூடின பெட்டிக்குள் அவரும் நானும் வெந்துகொண்டு பட்டணம் போய் வருகிறோம். வேலை போகவில்லை.

ஆடி வெள்ளிக்கு இருவரும் மாங்காடு போனோம். உண்டியல்முன் நான் காப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், பின்னால் ஜனம் நெருக்குகிறது, போட மனசு வரவில்லை. போட்டுவிட்டால் உன்னைக் கூப்பிட என்னிடம் ஒன்றும் இல்லையே. போட்டேன். வெளியே வந்து பிராகாரத்தில் உட்கார்ந்து அழுதேன், அதை உன்னிடம் மறைப்பானேன். மணிக்கட்டில் ஒரு சுற்று வெளுத்துக் கிடக்கிறது. படுத்தால் வலது கை அதைத் தேடிப் போகிறது.

குழந்தையின் கால் அளவை நூலில் எடுத்துக் கடிதத்தோடு அனுப்பச் சொல்கிறாள் உன் அம்மா, தண்டை செய்யப் போகிறாளாம். தாயம்மாவின் அம்மாவுக்கு முதுகில் புண் வராமல் அடிக்கடி திருப்பிப் படுக்க வையுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றாமல் எந்தக் கதவுக்குள்ளும் கை விடாதே, யாரையும் ஸ்விட்சுப் பக்கம் நிறுத்தாதே. மோட்டார் சுருள் கருகினால் என்ன செய்வது என்று உன் பட்டறையில் விசாரித்து எழுது. நீங்கள் மூவரும் அம்மன் காவலில் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும். இனிமேல் காப்புக்காக நீ வர வேண்டாமப்பா. எங்களைப் பார்க்க வேண்டுமென்று தோன்றினால் வா. தோன்றாவிட்டால் கடிதம் மட்டும் போடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதத்தான் பார்க்கிறேன், கோபித்துக்கொள்வேன், ஆனாலும் கடிதம் போடு.

இப்படிக்கு,
உன் நைனா உலகநாதன்,
உடன் உன் அம்மா தாட்சாயிணி.