திரும்பி வந்த ஃபங்ஷன்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்தான்.

உங்கள் சிநேகிதரின் மகன், என் மேனேஜர், போனில் என்னைப் பற்றிப் புலம்பியிருப்பார். நடந்தது இதுதான். தொழிற்சாலை அடுப்புக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுகிறோம். கோளாறு வந்தால் கூப்பிடும் ஒரு ஃபங்ஷனை, அதாவது புரோகிராமின் ஒரு தனித் துண்டை, 'அழைத்த இடத்துக்குத் திரும்பவே திரும்பாது' என்று அவர் அறிவித்தார். சோதனையின்போது அது திரும்பும், அப்படிப் போடாதீர்கள் என்றேன். கேட்கவில்லை. நாங்கள் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்த அறிவிப்பை நம்பி, அதற்கு அடுத்திருந்த, அடுப்பை அணைக்கும் வரிகளைத் தேவையில்லை என்று தூக்கிவிட்டது. சோதனையில் அடுப்பு உள்ளே கருகிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை, பயப்படாதீர்கள்.

கூட்டத்தில், "இவதான் சரியா பாக்கல" என்றார்.

"நீங்க போட்ட அறிவிப்ப எடுத்துட்டு ஓட்டிப் பாக்கலாம்" என்றேன். வேறொரு அடுப்பில் ஓட்டினோம். ஒழுங்காக அணைந்தது.

"எல்லார் முன்னாடியும் என் மூக்க அறுத்துட்ட இல்ல?" என்றார். அதிலிருந்து மதியச் சாப்பாட்டில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

சிநேகத்துக்காக மன்னிப்புக் கேள் என்று எழுதாதீர்கள். கேட்க மாட்டேன். என் பழைய கம்பளியை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவைக் கொஞ்சம் கூடுதலாகப் பேசச் சொல்லுங்கள். மேனேஜர் இந்தப் பக்கம்தான் வருகிறார், நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்