இரண்டு ராஜாக்களுக்கும் ஜெபிப்பவர்

1676 நவம்பர் 12, ஞாயிறு

இன்று பிரசங்கத்தில் என் வீட்டுக்காரர் டென்மார்க் ராஜாவுக்காக உருகினார். போன வருஷம் இதே மேடையில், இதே குரலில், ஸ்வீடன் ராஜாவுக்காக உருகியவர். அப்போது ஊர் ஸ்வீடன் கையில், இப்போது டென்மார்க் கையில். கண்ணீர்கூட அதே வரியில்தான் வந்தது. பாதிரியார் யெஸ்பரின் முதுகெலும்பை ஆண்டவர் எதில் செய்தாரோ. மெழுகாக இருக்கும்.

நவம்பர் 17

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்வீடன் சேனை, இந்தப் பக்கம் டென்மார்க் சேனை. எங்கள் வீட்டில் டேனிஷ் கேப்டன் ரோதே தங்கியிருக்கிறார். குதிரைப்படையாம். குதிரையை விட்டு இறங்குவது சாப்பாட்டுக்குத்தான்.

"அங்க பாதிப் பேர் வயித்தால போயே செத்துட்டானுங்க. மீதிப் பேரக் குளிர் பாத்துக்கும்" என்கிறார், என் வாத்தின் காலைக் கடித்தபடி.

நவம்பர் 29

ஆறு உறைகிறது. கேப்டனிடம் சொன்னேன். பொய்முடிக்குச் சீப்பு போட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார். யெஸ்பரும் சிரித்தார். நீங்கள் எதற்குச் சிரித்தீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"அவர் சிரிச்சாரே."

டிசம்பர் 3

வாத்து தீர்ந்தது. கேப்டன் தீரவில்லை.

டிசம்பர் 4

இருட்டோடு இருட்டாக ஸ்வீடன்காரர்கள் ஆற்றுப் பனிக்கட்டி மேல் நடந்தே வந்துவிட்டார்கள். கேப்டன் ஒற்றை பூட்ஸோடு குதிரையைத் தேடி ஓடினார். நாங்கள் பகல் முழுக்க நிலவறையில். தலைக்கு மேல் பீரங்கி, குதிரைகள், அலறல்.

சத்தம் அடங்கியதும் வெளியே வந்தேன். வயலைப் பார்த்திருக்கக் கூடாது. எவன் எந்த ராஜாவின் ஆள் என்று யார் சொல்ல முடியும்? எல்லார் மேலும் ஒரே சேறு. ஜெயித்தது ஸ்வீடனாம். ஆற்றுப் பக்கம் ஓடிய டேனிஷ்காரர்களோடு பனி உடைந்து உள்ளே போனதாம். இதற்கா இத்தனை கொடியும் முரசும் —

பின்கதவில் கேப்டன். தொடை கிழிந்து, தவழ்ந்து வந்திருந்தார். சாத்தினேன். ஆமாம், சாத்தத்தான் பார்த்தேன். யெஸ்பர் இடையில் கையை விட்டுவிட்டார். விரல்கள் நசுங்கின.

"வெளிய விட்டா வெட்டிடுவாங்க, எல்லின்."

பார்லி மூட்டைகளுக்குப் பின்னால் படுக்கவைத்தோம்.

டிசம்பர் 5

ஸ்வீடன் லெப்டினன்ட் ஒருவன் ஆட்களோடு வந்தான். யெஸ்பர் குனிந்த குனிவில் தலை தரையைத் தொட்டிருக்கும். நம்ம ராஜாவுக்காக ஜெபிக்காத நாளில்லை என்றார். கண்ணீர், வழக்கம்போல. எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

"டேனிஷ்காரன் எவனாவது உள்ள இருக்கானா?"

"இருந்தா நானே இழுத்துட்டு வந்து உங்ககிட்ட விட்டிருப்பேனே ஐயா. என் வாத்தையெல்லாம் தின்னவனுங்க."

"விரலுக்கு என்ன?"

"அவனுங்கதான். கதவுல வெச்சு நசுக்கிட்டானுங்க."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தக் கையையே வேதப்புத்தகத்தின் மேல் வைத்துச் சத்தியமும் செய்தார். லெப்டினன்ட் அவர் தோளில் தட்டி, உதட்டைச் சுழித்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் நான் சிரிக்கிற சிரிப்பு. அவன் முகத்தில் பார்க்கச் சகிக்கவில்லை.

அவர்கள் போனதும் அடுப்பின் பின்னால் போய் வாந்தி எடுத்தார். நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

டிசம்பர் 11

சாணி வண்டியில் கேப்டனை லான்ஸ்க்ரோனா கோட்டைக்கு அனுப்பினோம். அங்கே இன்னும் டென்மார்க் கொடிதான். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

"உங்க வீட்டுக்காரர் நல்லாப் பொய் சொல்றாரும்மா. கொஞ்சம்கூடக் கூச்சமில்லை."

"அதனாலதான் உங்க தலை கழுத்து மேல இருக்கு" என்றேன்.

இன்னும் நாலு கூடைச் சாணியை அவர் மேல் கொட்டச் சொன்னேன். பாதுகாப்புக்காகத்தான்.

டிசம்பர் 25

பண்டிகைக்கு எப்படியோ கொஞ்சம் பன்றி இறைச்சி கிடைத்தது. தோல் மொறுமொறுவென்று பொரிந்த துண்டு ஒன்றே ஒன்று. எப்போதும் அதை நான்தான் எடுத்துக்கொள்வேன். இன்று அவர் தட்டில் வைத்தேன்.

தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன விஷயம் என்றார்.

"பேசாம சாப்பிடுங்க."