ஒரு சாண் உயர்ந்த ஓட்டை

அன்புள்ள மகளுக்கு,

மூட்டு வலியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நான் சுகம், உன் அப்பா எதையும் கழிக்காமலே சுகம், நீயும் அப்படியே இருப்பாய் என்று எண்ணித் தொடங்குகிறேன். நாட்டின் வரலாற்றில் பொறிக்க வேண்டிய முடிவு ஒன்று போன வாரம் எடுக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை இனி மனிதர்களாக நடத்துவது என்று அரசு சட்டத்தைத் திருத்தியது, அதன் முதல் கட்டமாக எங்கள் குடியேற்ற அலுவலகத்தில் கவுண்டர் கண்ணாடியின் ஓட்டை ஒரு சாண் உயர்த்தப்பட்டது. இதுவரை எல்லாரும் குனிந்து பேசினார்கள், எனக்கு உச்சந்தலைதான் தெரியும். இப்போது முகம் தெரிகிறது, அதுதான் தொல்லை. மேலதிகாரி எங்களைக் கூப்பிட்டு, இனிமே யாரையும் நீ வா போன்னு பேசக் கூடாது, சிரிச்சுப் பேசணும், அதுக்காக வேலை முடிஞ்சிரும்னு அவங்க நம்புற அளவுக்குச் சிரிக்க வேண்டாம் என்றார்.

சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. இங்கே வேலை செய்யும் வெளிநாட்டுப் பிள்ளைகள் இனி பெற்றவர்களைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். நல்ல சட்டம், எனக்கு முழுச் சம்மதம். நீ இருக்கும் நாட்டுக்கு இந்தப் புத்தி எப்போது வருமோ, உன்னிடம் வர நான் போட்ட விசா விண்ணப்பத்தை மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார்கள், என் வயதுக்காரி வந்தால் திரும்பிப் போகமாட்டாளாம்.

இன்று ஒரு வெளிநாட்டுப் பெண், அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள விண்ணப்பிக்க, அவளையும் அழைத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை, உன் வயது, நம் பாஷையை உன்னைவிடத் திருத்தமாகப் பேசுகிறாள். வரிசையில் நிற்கும்போது அம்மாக்காரி மகளின் காலரைச் சரிசெய்கிறாள், மகள் கையைத் தட்டிவிடுகிறாள், இவள் மறுபடி சரிசெய்கிறாள். கழுதை வயதான பெண்ணுக்கு எதற்கு இந்தக் கொஞ்சல். அந்தக் காலர் நன்றாகத்தான் இருந்தது. காகிதங்களும் நன்றாகத்தான் இருந்தன, அதுவும் எரிச்சல். ஆனால் அம்மாளின் புகைப்படத்தில் இடது காதை முடி மறைத்திருந்தது. இரண்டு காதும் தெரிய வேண்டும் என்பது விதி, சட்டத்தில் மனிதநேயத்தைச் சேர்த்தவர்கள் காது விதியின் பக்கம் போகவில்லை. வேற படம் எடுத்துட்டு நாளைக்கு வாங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். இன்னைக்கே முடிஞ்சா நல்லா இருக்கும் மேடம் என்றாள் மகள். எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும் என்றேன். அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்து நன்றியோடு தலையாட்டினாள். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன், நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.

காய்ச்சலில் உனக்கு சூப் வைத்துக் கொடுத்த வீட்டுக்காரம்மாளுக்கு என் நன்றியைச் சொல், ஒரு தடவை சொன்னால் போதும். அவளை அம்மா என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தாய், அவளுக்குப் பெயர் இல்லையா? தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டு. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறந்துவிடாதே. நோய் நொடி அண்டாமல், கைநிறைய வேலையும் கண்நிறையத் தூக்கமுமாக இரு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு நாள் கழிந்துவிட்டது. காலையில் அந்த மகள் மட்டும் புதுப் படத்தோடு வந்தாள். அம்மாளின் தற்காலிக அனுமதி நேற்று மாலையோடு முடிந்தது, விண்ணப்பம் பதிவாகாததால் ராத்திரி விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.