பச்சையாக நின்ற நாற்று

கோலியர்ஸ் வுட், லண்டன்.
12.12.2024

அன்பு மகள் மேனுஷாவுக்கு,

நீயும் சுஜீத்தும் சின்னவளும் பரந்தனில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நினைவோடு எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், குளிர்தான் முழங்காலைப் பிடிக்கிறது. நாளை ஊருக்கு வரும் சபாரத்தினத்தார் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஆய்வுகூடத்தில் நெல் நாற்றுகளுக்குத் தண்ணீர் விடுவதும் கழிவை எரிக்க அனுப்புவதும்தான் என் வேலை என்பது உனக்குத் தெரியும். அங்கே ஆராய்ச்சி செய்யும் பிரமிளா, நெல்லிலையைக் கருக்கும் எரிபந்த நோயைக் கொண்டுவரும் பூஞ்சணத்தை ஒரு தட்டு நாற்றுக்குத் தெளித்திருந்தாள். மூன்று நாளாகியும் ஓர் இலையிலும் புள்ளி இல்லை. சுகமாக நிற்கிறதே என்றேன். "ஓம் மாமா, நெல்லும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு நிக்குது" என்று நுணுக்குக்காட்டியில் பார்க்கவிட்டாள். பச்சை இலைக்குள்ளே சிவப்பாக ஒளிரும் பூஞ்சண இழைகள், இலையின் நுண்ணறைகளில் அறைக்கு அறை ஊர்ந்துபோய்க்கொண்டிருந்தன. கொல்லும் மரபணுக்கள் பூஞ்சணத்திடம் முதலிலிருந்தே இருக்கின்றனவாம், வெளியே நிற்கும்போது மூடியே வைத்திருக்குமாம், உள்ளே போனபின் முறைமுறையாகத் திறக்குமாம், முதலில் செடியின் காவலை மயக்குபவை, கடைசியில் கொல்பவை. எதை எப்போது திறப்பது என்று அதற்கு எது சொல்கிறது என்பதைத்தான் அவள் தேடுகிறாள்.

இவ்வளவும் கேட்டும் நான் பிழை செய்தேன் மகள். எரிக்கப்போகும் தட்டின் ஓரத்தில் ஒரு நாற்று அவ்வளவு பச்சை. மனம் கேட்கவில்லை, அதில் நோய் பட்டிராது என்று எனக்கு நானே சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா குசினி யன்னலில் வைத்தாள். எங்கள் பக்கம் பார்த்த இலைகள் எப்போதும் பச்சைதான். இரண்டு கிழமை கழித்து, முந்தநாள், சட்டியைத் திருப்பினேன். வெளிச்சத்துக்காகக் கண்ணாடிப் பக்கம் வளைந்திருந்த இலைகள் முழுக்கக் கண் வடிவில் சாம்பல் நிறப் புள்ளிகள், தொட்டால் விரலில் தூள், நோயைப் பரப்பும் வித்துகள். அந்த யன்னலுக்குக் கீழேதான் சின்னவளுக்கு வாங்கிய உடுப்புகளை அம்மா தோய்த்துக் காயப்போட்டுப் பார்சலில் அனுப்பியிருந்தாள்.

பிரமிளாவிடம் எல்லாம் சொன்னேன். ஆய்வுகூடத்துக்குள் போகும் என் பாஸை வாங்கிவிட்டார்கள், அது நியாயம். அவள் ஏசவில்லை, பார்சல் எங்கே போனது என்று மட்டும் கேட்டாள். பரந்தனில் மகள் வீட்டுக்கு, சுற்றிவர வயல்வெளி என்றதும் கதிரையில் இருந்துவிட்டாள். "அங்கை நிக்கிற நெல்லு இந்த வகையை ஒருநாளும் கண்டிராது, மாமா."

நேற்றுப் போனில் உன்னிடம் சொன்னபோது சிரித்தாய். பார்சல் வந்து நாலு நாள், சின்னவள் அதில் வந்த மஞ்சள் சட்டையோடு வரம்பில் ஓடித் திரிகிறாள், பயிரில் ஒரு புள்ளியும் இல்லை என்றாய். மகள், அந்த உடுப்புகளையெல்லாம் உடனே எரித்துவிடு. பிரமிளா எழுதித் தந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், கிடைத்த அன்றைக்கே விவசாயப் போதனாசிரியரிடம் கொடு. உங்கள் மூவரையும் கடவுள் காக்கட்டும். தினமும் விடிய வரம்பில் இறங்கி இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார். பச்சையாக இருக்கிறது என்று மட்டும் எனக்குச் சொல்லாதே.

உன் அப்பா,
யோகராஜா