மலையில் வேகாத சோறு

கராஜில் கூடாரப் பையைத் திறந்ததும் பைன் வாசனை குப்பென்று வந்தது. அடியில் நம் சின்னக் குக்கர். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

தொண்ணூற்று நாலில் கல்யாணமாகி உங்களோடு கலிபோர்னியாவில் இந்த மில்பிடாஸுக்கு வந்தேன். ஆறே மாதத்தில் ஈரோட்டுக்குத் திரும்புவதென்று முடிவு பண்ணிவிட்டேன். லைசென்ஸ் இல்லை, பேச ஆள் இல்லை. நீங்கள் சண்டை போடவில்லை. "ஒருக்கா மலையப் பாத்துரு கண்ணு. அப்பவும் போகோணும்னா நானே ஏர்போர்ட்ல விடறேன்" என்றீர்கள்.

சியரா மலைத்தொடரில் பத்தாயிரம் அடிக்கு மேலே இருந்தது அந்தப் பள்ளத்தாக்கு. ஜூலையிலும் அதன் தலைமாட்டு நிழலில் பழைய பனிக்கட்டி அழுக்காகப் படிந்து கிடந்தது. எப்போதோ பனியாறு தேய்த்துவிட்டுப் போன பாறைகள் வெயிலில் வழவழவென்று மின்னின. மரங்கள் என் இடுப்புயரம்தான். ஓடைத் தண்ணீர் வெளுப்பாக வந்தது. பனி அரைத்த கல்மாவு என்றீர்கள்.

"மேல யாரோ அரிசி களையறாங்களாட்ட இருக்குதுங்க" என்றேன். ஆறு மாதத்தில் நான் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது.

"நடக்கறதுக்கு எதுக்கு அத்தன கனம்?" என்று குக்கரை வீட்டிலேயே விட்டு வந்திருந்தீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் சீக்கிரமே தளதளவென்று கொதித்தது, அரிசி மட்டும் வேகவேயில்லை. அவ்வளவு உயரத்தில் கொதிக்கிற தண்ணீருக்குச் சூடு பத்தாதாம். இன்ஜினியருக்கு இது தெரிய வேண்டாமா! ஒரு மணி நேரம் கிளறினீர்கள். அதுவரை துடைத்துவிட்டது போலிருந்த வானம் ரெண்டு மணிக்குக் கறுத்து, ஆலங்கட்டியாய்க் கொட்டியது. கூடாரத்துக்குள் நடுங்கிக்கொண்டே, நறுக் நறுக்கென்ற சோற்றைப் பருப்புப் பொடியோடு மென்றோம்.

"ஊருக்கே போறேங்கறயா?" என்று பயந்துகொண்டே கேட்டீர்கள்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அடுத்த வருசம் குக்கர நான் தூக்கியாறனுங்க" என்றேன். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நான் பார்த்துவிட்டேன்.

சொன்னபடி ஒவ்வொரு ஜூலையும் தூக்கினேன். சோறு பூவாய் வெந்தது.

இப்போது அம்மா போனில் தினமும் அழுகிறாள், "தனியா அங்க என்னடி, வந்துரு" என்று. நேற்றுத்தான் சொன்னேன், "நான் இங்கயே இருந்துக்கறேம்மா."

நாளை அந்த மலைக்கு நானே டிரைவ் பண்ணிப் போகிறேன். அரிசியும் பருப்புப் பொடியும் பைக்குள் வைத்தாயிற்று. குக்கரை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டேன். எனக்கு அந்த வேகாத சோறுதான் வேண்டும்.