இரண்டு சாவியும் என்னிடம்

மார்ச் 3, செவ்வாய்

மாமனார் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை எனக்குத் தரப்போகிறார். இன்னொரு தரம் எழுதிப் பார்க்கிறேன்: எனக்கு. பல்லி இருந்தால் குளியலறைக்குள் கால் வைக்காதவனுக்கு.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன். "தோட்டத்தையே வித்தாச்சு மாப்ள. பன்னி வெரட்டுற வேலையும் இல்ல, எனக்கும் எழுபத்தாறு ஆகுது. இத நீங்க வெச்சுக்குங்க. லைசென்ஸ உங்க பேருக்கு மாத்த மனு போடுங்க." வாய் நிறைய நுரையோடு சரி சரி என்றேன். சொந்த மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மருமகனுக்கு! இருபத்திரண்டு வருஷ மாப்பிள்ளை வாழ்க்கையில் இப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை. கல்யாணத்துக்குப் போட்ட மோதிரம்கூட விரலில் பாதிதான் ஏறியது.

பகல் முழுக்கக் கடையில் நிலைகொள்ளவில்லை. ஒரு யோசனை மட்டும் உறுத்தியது. பூட்டு விற்கிறவனே துப்பாக்கி வைத்துக்கொண்டால் பூட்டை யார் நம்புவார்கள்?

மார்ச் 5, வியாழன்

மனு போட்டாயிற்று. முடிகிற வரை துப்பாக்கி அவர் வீட்டிலேயே இருக்கும்.

நேரம் பார்த்து எதிர்வீட்டில் திருட்டு. திருடன் டிவியைத் தொடவில்லை, எதிர்வீட்டுக்காரரின் நடைப்பயிற்சி ஷூவை மட்டும் எடுத்துப் போயிருக்கிறான். அந்த டிவியின் லட்சணம் அப்படி. உடைந்த பூட்டு என் கடைப் பூட்டில்லை, விசாரித்துவிட்டேன். கடவுள் இருக்கிறார்.

மார்ச் 8, ஞாயிறு

நடுவில் கோடு கிழித்து எழுதினேன். நன்மை: திருடன் பயப்படுவான். எதிர்வீட்டுக்காரர் மரியாதையாக வணக்கம் வைப்பார். மச்சானுக்கு வயிறு எரியும் (இதற்கு அடிக்கோடு). தீமை: கண்ணாடி போடாவிட்டால் எனக்குத் திருடனும் ஒன்றுதான், கொடியில் காயும் போர்வையும் ஒன்றுதான். அப்புறம் என் கோபம். அது பால் மாதிரி, பக்கத்தில் ஆள் இல்லாதபோதுதான் பொங்கும்.

டைரியை மேஜையிலேயே விட்டுப் போனது தப்பு. மனைவி படித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ், எதைப் படித்தாலும் கேஸ் ஷீட் படிக்கிற முகம்தான். சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

"பதினெட்டு வருஷமா அந்த வார்டுல நிக்கிறேன். குண்டு பட்டு வந்தவங்கள நானும் பாத்திருக்கேன். ஒருத்தன்கூட திருடன் இல்லீங்க. எல்லாம் அந்தந்த வீட்டு ஆளுங்க."

"கை தவறியா?"

"சிலது" என்றாள். துணி ஊறவைக்கப் போய்விட்டாள்.

தீமைப் பக்கத்தில் இதைச் சேர்க்கவில்லை. இடமில்லை என்று வைத்துக்கொள்வோம்.

மார்ச் 15, ஞாயிறு

ஒத்திகை! துப்பாக்கியை ஓரிடத்தில் பூட்ட வேண்டும், தோட்டாவை வேறோரிடத்தில் பூட்ட வேண்டும், அதுதான் விதி. இரும்பு அலமாரி வாங்கிப் பின்னறைச் சுவரோடு திருகியாயிற்று. துப்பாக்கிக்குப் பதில் என் கறுப்புக் குடை. தோட்டாவுக்குப் பதில் டார்ச் லைட் பேட்டரி, சமையலறை இழுப்பறையில். சாயங்காலம் நாலு மணிக்கு மனைவி பின்கதவு வழியாகத் திருட வர வேண்டும், நான் சோபாவில் தூங்க வேண்டும். நல்ல நடிகன், நிஜமாகவே தூங்கிவிட்டேன்.

பின்கதவு கிறீச்சிட்டது. எழுந்தேன். கண்ணாடியைக் காணோம். கண்ணாடி கிடைத்தது, சாவியைக் காணோம். ஊருக்கெல்லாம் சாவி போடுகிறவன் வீட்டில் எந்தச் சாவி எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது. பதினாலு சாவியைப் போட்டுப் பார்த்து, அலமாரி முனையில் முழங்காலை இடித்து, குடையும் பேட்டரியுமாகக் கூடத்துக்கு வந்தபோது நாலு நிமிஷம் பதினோரு விநாடி. திருடி அதற்குள் மிக்ஸியை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, டீயும் போட்டு முடித்திருந்தாள்.

"கை தூக்கு" என்றேன்.

"மொதல்ல டீயக் குடிங்க. அப்புறம் சுடலாம்."

மார்ச் 16, திங்கள்

முழங்கால் பூசணிக்காய். நடக்காத சண்டையில் முதல் காயம் எனக்கு.

மார்ச் 19, வியாழன்

மச்சான் கடைக்கே வந்துவிட்டார். மனைவியின் அண்ணன், பனியனுக்கும் இஸ்திரி போடுகிற ஆள் என்பதால் நான் ரகசியமாகத் தளபதி என்பேன்.

"பெத்த புள்ள நான் ஒருத்தன் இருக்கேன்ல மாப்ள?"

"அத உங்க அப்பாகிட்ட கேளுங்க மச்சான்."

"கேட்டேன். உன் வீடு ரொம்பப் பக்கத்துல இருக்குடாங்கறாரு. அவரு வீட்லேர்ந்து ரெண்டு தெரு தள்ளி இருக்கறது ஒரு குத்தமா? அது என்ன பதிலு?"

எனக்கும் புரியவில்லை. ஆனால் புரிந்த மாதிரி தலையாட்டினேன், அவருக்கு இன்னும் எரியட்டும் என்று. இனிமையான நாள்.

மார்ச் 24, செவ்வாய்

மாமனாரே கடைக்கு வந்தார், ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில். அத்தை போய் எட்டு மாதமாகிறது. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடுகிறது. துப்பாக்கிப் பெட்டிக்கு ஒரு நல்ல பூட்டு வேண்டுமாம். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன்: "யாருக்காகப் பூட்டு?" நாய்க்கா, வேலைக்காரருக்கா, அண்ணன் தம்பிக்கா என்று தெரிந்தால்தான் எது தாங்கும் என்று சொல்ல முடியும். அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

இருப்பதிலேயே உசத்தியானதைக் கொடுத்தேன். சும்மா அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும், திறக்கத்தான் சாவி. இரண்டு சாவியையும் கழற்றி என் கையில் வைத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் மாப்ள. எனக்கு வேண்டாம்."

என்ன நம்பிக்கை! தளபதி பார்த்திருக்க வேண்டும்.

மார்ச் 25, புதன்

பஸ்ஸில் எழுதுகிறேன், கோணல்மாணலாக வருகிறது.

காலையில் ஒரு அம்மா பூட்டு வாங்கினார். இரண்டு சாவி போதாது, மூன்றாவது வேண்டும் என்று சண்டை. "ஒண்ணு தொலைஞ்சிட்டா?" எல்லோரும் அப்படித்தான். சாவி வேண்டாம் என்று சொன்ன ஆளை இத்தனை வருஷத்தில் கண்டதில்லை. நேற்றுத் தவிர. வேடிக்கையாக இருக்கிறதே என்று மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன். பெருமையடிக்கத்தான்.

"பெட்டி எங்க இருக்கு?"

"அவர் வீட்லதான்."

"தனியா இருக்கற மனுஷன். சாவிய உங்ககிட்ட குடுத்துட்டு, யாருக்காகப் பூட்டறாரு?"

என் கேள்வி. என் கடைக் கேள்வி. அவர்கிட்டயே கேட்டேனே — பதில் வராததைக்கூட கவனிக்கலையே. மடையன். மரியாதையாம், மோதிரமாம். உன் வீடு ரொம்பப் பக்கம்னு தளபதிகிட்ட சொன்னது இப்பத்தான் மண்டையில ஏறுது. பக்கத்துல இருந்தா அவரே போய் எடுத்துடலாம்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வார்டிலிருந்து யூனிஃபார்மோடு வந்துவிட்டாள். தளபதி போனை எடுக்கவில்லை. டிரைவர் ஏன் இவ்வளவு மெதுவா போறான்?

மார்ச் 26, வியாழன்

நேற்று நாங்கள் போனபோது அவர் கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. பூட்டி இருந்தது.

மனைவி சுற்றி வளைக்கவில்லை. நேராகக் கேட்டாள்.

"உங்கம்மா போனதுலேர்ந்து தெனமும் எடுத்துத் தொடைச்சேன்மா" என்றார். "தொடைக்க அதுல என்ன இருக்கு? அதான் மாப்ளகிட்ட போகட்டும்னு..." வெங்காயத்தைப் பார்த்தே பேசினார். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் இருந்தது. எங்களுக்கு அந்த வசதியும் இல்லை.

தளபதி ஓடிவந்தார், இஸ்திரி போடாத சட்டையில். நாலு பேருமாகப் போய்த் துப்பாக்கியையும் தோட்டாவையும் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். என் மனுவையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். "ஏன் சார், பயமா?" என்றார் அங்கிருந்த எழுத்தர். ஆமாம் என்றேன். சொல்ல ரொம்பச் சுலபமாக இருந்தது.

இன்று காலை மனைவி தன் ஆஸ்பத்திரியிலேயே அவரை டாக்டரிடம் காட்டினாள். நல்ல டாக்டராம். வாரம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பின்னறை இப்போது மாமனாருடையது. அவர் குறட்டைக்கு லைசென்ஸ் கேட்டால் கிடைக்காது, எந்தத் திருடனும் அண்டமாட்டான். இரும்பு அலமாரியில் அவர் சட்டைகள், ஷேவிங் பெட்டி, அத்தையின் படம். பூட்டுவதில்லை.

முந்தாநாள் சீட்டாட்டத்தில் என்னை மூன்று முறை ஏமாற்றினார். தளபதியிடம் புகார் செய்தேன். "அனுபவிங்க மாப்ள, நீங்கதான ஆசப்பட்டீங்க" என்கிறார்.

இன்று சாயங்காலம் மாமனாருக்கு வாசல் கதவுச் சாவி ஒன்று போட்டுக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். போய்விட்டார் என்று நினைத்தேன், திரும்பி வந்து நின்றார்.

"இன்னொண்ணு போட்டுக் குடுங்க மாப்ள. இது தொலைஞ்சிட்டா?"

உடனே போட்டேன். முதலில் சாவியின் பல் சரியாக விழவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி போட்டேன்.